கண்ணாடி அலுமாரியில் கமலாசனி

என் மனைவி கமலாசனியின் உடம்பில் நான்கு வகை இழையங்கள் இருக்கின்றன என்று எனக்கு முதலில் சொன்னது டொக்டர் அல்ல, ஒரு படிவம். இருபத்திரண்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவளுக்கு எப்போது கோபம் வரும், எப்போது பல்லுக்குத்து வரும், மாசிப் பனியில் எப்படி மூச்சு இழுக்கும், எல்லாம் தெரியும். இழையம் தெரியாது. நான் துணுக்காய்ப் பக்கம் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவன். பெயர் வீரபாகு. பெயரைப் பார்த்து ஆளைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.

நடந்தது எந்த ஆஸ்பத்திரியில் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஒரு விசாரணைக் குழு போடுவார்கள். குழுவுக்குக் கதிரை தூக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வன்னியில் அப்படி ஓர் ஆஸ்பத்திரியே இல்லை என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வைகாசி மாதம் கமலாசனியின் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. நோவில்லை. இரண்டு கிழமை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்ன அன்றே பஸ் ஏறினோம். சத்திரசிகிச்சைப் பிரிவில் டொக்டர் சுஜிதன் பார்த்தார். சின்ன வயது, நல்ல மனிசன்.

"பயப்படாதேங்கோ அம்மா. ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிச்சால் என்னெண்டு தெரிஞ்சிடும். கூடாததெண்டாலும் இப்ப சின்னன்தானே. கட்டியை மட்டும் எடுத்தாக் காணும். ஆனா ஒண்டு, சுணங்கக் கூடாது."

துண்டை வெட்டி எடுத்தார். ஒரு சின்னப் போத்தலில் மருந்துத் தண்ணீர் விட்டு அதற்குள் போட்டு மூடினார். போத்தலில் கமலாசனியின் கிளினிக் இலக்கத்தை எழுதினார்: இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று. எழுதிவிட்டு, ஏதோ பிழை செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"முந்தியெண்டால் நாளைக்கே இதை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருப்பன், ஐயா. பத்து நாளில முடிவு வந்திடும். இப்ப அனுப்பேலாது."

"ஏன் சேர்?"

"எங்களுக்கே ஒரு இழையப் பரிசோதனைப் பிரிவு வந்திட்டுது. சொந்தப் பிரிவு இருக்கேக்க வெளியில அனுப்பக் கூடாதெண்டு சுற்றுநிருபம்."

"அப்ப நல்லதுதானே. இஞ்சயே பாருங்கோவன்."

"பிரிவு இன்னும் திறக்கேல்லை," என்றார்.

வசதி வந்ததால் வேலை நின்றுபோவதை நான் அன்றுதான் கண்டேன். எங்கள் வாய்க்காலில்கூட மதகு கட்டி முடிக்கும்வரை பழைய வழியால் தண்ணீர் விடுவார்கள். அதைப் படிக்காதவர்கள் செய்கிறார்கள்.

அலுவலகத்தில் ஞானேஸ்வரி மிஸ் இருந்தா. இருபத்தாறு வருடச் சேவை. அவா ஒரு படிவத்தை நீட்டினா. நான்கு பெட்டிகள்: மேலணி இழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம்.

"எந்த இழையமெண்டு புள்ளடி போடுங்கோ. ஒண்டுக்குத்தான் போடலாம். ரெண்டு போட்டால் செல்லாது."

"அது எனக்கு எப்பிடித் தெரியும், மிஸ்?"

"பரிசோதிச்சால் தெரியும்."

"அப்ப பரிசோதியுங்கோ."

"படிவம் நிரப்பாமல் எப்பிடி ஐயா பரிசோதிக்கிறது?"

அவா கோபப்படவில்லை. தன் பேனையைக்கூடத் தந்தா. யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று படிவத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் யதுர்ஷிகா பதினோராம் வகுப்பு. விஞ்ஞானக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மேலணியெண்டது மூடுறது அப்பா. தோல் மாதிரி. உள்ளுக்கும் குழாயளின்ர உள்பக்கமெல்லாம் அதுதான் மூடியிருக்கும். தொடுப்பெண்டது எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்கிறது. எலும்பு, கொழுப்பு, இரத்தமும் அதுக்குள்ளதான் வரும். தசை இழுக்கிறது. நரம்பு சேதி கொண்டு போறது."

"அம்மான்ர கட்டி இதில எது?"

"அதை அவையெல்லோ சொல்லவேணும்!"

குசினிக்குள் இருந்து கமலாசனி குரல் கொடுத்தாள். "பிடிச்சு வைச்சிருக்கிறது ஏதோ எண்டியே பிள்ளை, அதுக்குப் போடச் சொல்லு கொப்பாவை. இந்த வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறது நான்தானே."

மூன்று பேரும் சிரித்தோம். நான் தொடுப்பிழையத்துக்குப் புள்ளடி போட்டேன். அடுத்த நாள் ஞானேஸ்வரி மிஸ் படிவத்தைப் பார்த்து, "இப்ப சரி," என்று முத்திரை குத்தினா. போத்தல் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. பிரிவு திறந்ததும் முதல் வேலை இதுதான் என்றா.

அதன் பிறகுதான் எனக்குப் பணிப்பாளர் ஜனார்த்தனனைத் தெரியவந்தது.

பிரிவைத் திறக்க வேண்டியவர் பிரதம விருந்தினர். அவர் கொழும்பில் இருந்து வர வேண்டும். ஆனியில் வருவதாக இருந்தார். கல்லில் திகதி பொறித்தார்கள். அவருக்கு வேறு ஒரு திறப்பு விழா வந்துவிட்டது. ஆடியில் வருவதாக இருந்தார். மீண்டும் ஒரு கல் பொறித்தார்கள். அன்று மழைக்குறி என்று சொன்னார்களாம். வன்னியில் ஆடி மாதம் மழை! பழைய இரண்டு கல்லும் பிரேத அறைச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் கிழமைக்கு இரண்டு தரம் போய், "திறந்திட்டுதோ?" என்று கேட்பேன். "விழாவுக்கு ஆயத்தம் நடக்குது," என்பார்கள்.

ஆயத்தம் உண்மையிலேயே நடந்தது. பணிப்பாளர் நான்கு குழுக்கள் அமைத்திருந்தார். பந்தல், சோடனை, சேலை நிறம் பார்க்க மேலணிக் குழு. அழைப்பிதழுக்குத் தொடுப்புக் குழு. கதிரை, மேசை தூக்கத் தசைக் குழு. ஒலிபெருக்கிக்கு நரம்புக் குழு. ஒருநாள் டொக்டர் சுஜிதன் வெயிலில் நாலு கதிரையை அடுக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். கிளினிக்கில் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

"என்ன சேர் இது?"

"நான் தசைக் குழு, ஐயா," என்றார். என்னைக் கண்ட பணிப்பாளர், "நீங்களும் சும்மாதானே நிக்கிறியள், ஒரு கை பிடியுங்கோவன்," என்றார். மனிசியின் நெஞ்சுத் துண்டு இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. நான் கதிரை தூக்கினேன். தூக்கினால் கெதியாகத் திறப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் புத்திக்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆவணியில் திறந்தார்கள். கமலாசனியை முதற் பயனாளியாகத் தெரிவு செய்திருப்பதாகக் கடிதம் வந்தது. நல்ல சேலை கட்டி வரவும் என்று அடியில் எழுதியிருந்தது. கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலை எட்டு மணிக்கு மேடைக்கு முன்னால் ஒரு சோடித்த கதிரையில் இருத்தினார்கள். பிரதம விருந்தினர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். கட்டி அப்போது தேசிக்காய் அளவுக்கு வந்திருந்தது. வெயிலில் அவள் இடக்கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பாண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு எல்லாம் முடிந்து, நான்கு இழையங்களும் நடனமாடின. அயல் பாடசாலைப் பிள்ளைகள். எங்கள் யதுர்ஷிகாவும் அதில் ஒருத்தி. இதற்காக மூன்று கிழமை விஞ்ஞான பாடத்துக்குப் போகவில்லை. மேலணிப் பிள்ளைகள் பெரிய பட்டுத் துணியால் மற்றப் பிள்ளைகளை மூடினார்கள். தசைப் பிள்ளைகள் வடம் இழுத்தார்கள். நரம்புப் பிள்ளைகள் தலையில் மின்குமிழ் மாட்டியிருந்தார்கள், பாதியில் அது அணைந்துவிட்டது.

பிறகு பணிப்பாளர் பேசினார். ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"உடம்பிலே நான்கு இழையங்கள் இருப்பதைப் போல நிர்வாகத்திலும் நான்கு இழையங்கள் உண்டு. முதலாவது மேலணி இழையம். அது அதிகாரிகளாகிய நாங்கள். மேலணியின் கடமை மூடுவது. உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாமல் மூடுவது. அந்தக் கடமையிலிருந்து நாம் ஒருநாளும் தவறியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இரண்டாவது தொடுப்பிழையம். அது எங்கள் கோப்புகள். ஒரு கோப்பை இன்னொரு கோப்போடு தொடுத்துக்கொண்டே போவோம். அது எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. மூன்றாவது தசையிழையம். அது பொதுமக்களாகிய நீங்கள். தூக்கச் சொன்னால் தூக்குவீர்கள், சுருங்கச் சொன்னால் சுருங்குவீர்கள். நான்காவது நரம்பிழையம். அது மேலிடம். மேலிடத்துச் சேதி வராமல் இந்த ஆஸ்பத்திரியிலே ஒரு விரல்கூட அசைந்ததில்லை. இனியும் அசையாது!"

கைதட்டினார்கள். தசையிழையமாகிய நாங்களும் தட்டினோம்.

பிரதம விருந்தினர் எழும்பினார். "இந்தத் துறையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் என்னை நம்பி இதை ஒப்படைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் வந்தால் தன்னிஷ்டப்படி நடப்பார். நான் அப்படி இல்லை. இழையத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுணுக்குக்காட்டி இரண்டாம் கட்டத்தில் வரும். அதற்கும் ஒரு விழா வைப்போம். பரிசோதிக்கும் வைத்தியர் மூன்றாம் கட்டத்தில் வருவார். அவருக்கும் விழா வைப்போம். வன்னி மக்களுக்கு விழாக் குறை வைக்க மாட்டோம்!"

நுணுக்குக்காட்டி இல்லை, வைத்தியர் இல்லை என்று அவர் சொன்னது எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை. கைதட்டல் சத்தம்.

வெற்றிலை பரப்பிய தட்டில் போத்தலை வைத்தார்கள். அதற்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். கமலாசனி தட்டைப் பிரதம விருந்தினரிடம் கொடுக்க வேண்டும், அவர் பணிப்பாளரிடம் கொடுப்பார், பணிப்பாளர் ஞானேஸ்வரி மிஸ்ஸிடம் கொடுப்பார். புகைப்படக்காரன் இரண்டு தரம் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ. பயனாளி மாதிரி நில்லுங்கோ!"

கமலாசனி சிரித்தாள். தன் சதையைத் தட்டில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள். "இனி முடிவு வந்திடும்தானே, என்னப்பா?"

"ஓம். இனி ஏன் சுணங்கப் போகுது," என்றேன்.

புரட்டாசி முழுக்க நடந்தேன். ஒவ்வொரு தடவையும் ஞானேஸ்வரி மிஸ் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ஒரே பதிலைச் சொல்லுவா. "உங்கட போத்தல் பாவனையில இருக்கு." பாவனையில் இருக்கிறது என்றால் பரிசோதிக்கிறார்கள் என்று நினைத்து வீட்டில் போய் அப்படியே சொல்லுவேன். கமலாசனி நெல்லுக் காயப்போட்டபடி தலையாட்டுவாள். இரவில் புரண்டு படுக்க முடியாமல் முனகுவாள். காலையில் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள்.

ஐப்பசி முதற் கிழமை யதுர்ஷிகாவின் வகுப்பைப் புதிய பிரிவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரிவில் பரிசோதனை ஒன்றும் நடக்காததால் அதைக் கண்காட்சியாக்கிவிட்டார்கள். சும்மா கிடந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். பிள்ளைகள் வந்து போனால் பாவனை என்று அறிக்கை எழுதலாம். கண்ணாடி அலுமாரியில் நான்கு தட்டு, நான்கு போத்தல், நான்கு பெயர். பார்த்துக் கீறிக்கொண்டு வரும்படி ஆசிரியை சொல்லியிருக்கிறா.

பின்னேரம் கொப்பியைக் கொண்டுவந்து தாயிடம் காட்டினாள். பிள்ளை நல்லாகக் கீறுவாள். ஒவ்வொரு படத்துக்கும் அடியில், போத்தலில் என்ன எழுதியிருந்ததோ அதையும் வடிவாக எழுதியிருந்தாள்.

கமலாசனி இரண்டாவது படத்தில் விரலை வைத்தாள். "தொடுப்பிழையம், மனிதன்." அதன் கீழே: 2741.

"இந்த நம்பர் எங்க கிடந்தது பிள்ளை?"

"போத்தலில அம்மா. மற்ற மூண்டிலயும் நம்பர் இல்லை. இதில மட்டும்தான் இருந்தது. ஏன்?"

கமலாசனி எழும்பிப் போய்த் தன் கிளினிக் கொப்பியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். யதுர்ஷிகா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தப் படத்துக்கு வெள்ளை, மஞ்சள் எல்லாம் தீட்டி நிறம் கொடுத்திருந்தாள் பிள்ளை. பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடிச் சத்தி எடுத்தாள்.

அடுத்த நாள் விடிய நான் பணிப்பாளரின் அறையில் நின்றேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

"சேர், என்ர மனிசின்ர துண்டைப் பரிசோதிக்கத் தந்தனாங்கள். அதைக் கண்காட்சியில வைச்சிருக்கிறியள்."

"ஓம் ஓம். இருங்கோ," என்று கதிரை காட்டினார். முகம் முழுக்கச் சந்தோசம். "மற்ற மூண்டும் என்னெண்டு நினைக்கிறியள்? ஒண்டு கோழித்தோல், ஒண்டு ஆட்டிறைச்சி, ஒண்டு ஆட்டுமூளை. எல்லாம் சந்தையில வாங்கினது. உண்மையான மனித இழையமெண்டு எங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான். தொடுப்பிழையத்துக்கு ஆளில்லாமல் கஷ்டப்பட்டுக்கொண்டு நிக்க, உங்கட படிவத்தில நீங்களே புள்ளடி போட்டிருந்தியள். இதுவரைக்கும் எண்ணூற்றி நாப்பது பிள்ளையள் பாத்திட்டுதுகள். உங்கட மனிசிக்குக் கிடைச்ச கௌரவம் ஐயா இது."

"எனக்கு அது திரும்ப வேணும். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகப் போறன்."

அவருடைய முகம் மாறியது. கோபம் இல்லை, கவலை. என்மேல் இரக்கப்பட்டார்.

"அது பொருட்பதிவேட்டில ஏறிட்டுது. ஏறினால் அரச சொத்து. கழிக்கிறதெண்டால் வருச முடிவில கணக்கெடுப்புக் குழு வரவேணும். பழுதடைஞ்சு போச்செண்டு அவை எழுதித் தந்தால் நீங்கள் தாராளமாக எடுக்கலாம்."

"பழுதடைஞ்சு போச்செண்டால் அது எனக்கேன், சேர்?"

"அது உங்கட விருப்பம்," என்றார். "இன்னொண்டையும் யோசியுங்கோ. நாலு இழையமெண்டு மேலிடத்துக்கு அறிக்கை போயிட்டுது. ஒண்டை எடுத்தால் மூண்டு. உடம்பில மூண்டு இழையமெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதோ?"

அந்த மனிசனின் கழுத்தைப் பிடித்திருப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சத்தம் போட்டால் பொலிஸைக் கூப்பிடுவார்கள், பிறகு போத்தல் ஒருநாளும் வராது. வீட்டுக்கு வந்து கமலாசனிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

"நாளைக்கு நானும் வாறன்," என்றாள்.

வந்தாள். கண்காட்சி அறைக்குள் நாங்கள் போனபோது பளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் கொப்பியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அறை முழுக்க வெள்ளை மாபிள், குளிரூட்டி, சுவரில் மூன்றாவது கல். நடுவில் அலுமாரி. கமலாசனி மூலையில் கிடந்த ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, அலுமாரிக்குப் பக்கத்தில் போட்டு, பிள்ளைகளுக்கு முகம் காட்டி இருந்தாள்.

பிள்ளைகள் கீறுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தியது. "ரீச்சர், இவாவையும் கீற வேணுமோ?"

ஆசிரியை ஞானேஸ்வரி மிஸ்ஸைப் பார்த்தா, ஞானேஸ்வரி மிஸ் பணிப்பாளரைக் கூப்பிட்டா. அவர் விரைந்து வந்தார்.

"அம்மா, இது பார்வையிடுற இடம். இஞ்ச இருக்கக் கூடாது."

"தெரியும் சேர்," என்றாள் கமலாசனி. "போத்தலுக்குள்ள இருக்கிறது துண்டு. மிச்சம் நான். ரெண்டையும் ஒரு இடத்தில வைச்சுக் காட்டுங்கோ. பிள்ளையளும் முழுசாப் பாக்கட்டும்."

பணிப்பாளர் திகைத்தார். ஆனால் அவர் நிர்வாகி. ஞானேஸ்வரி மிஸ்ஸின் பக்கம் திரும்பி, "பதிவேட்டில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

ஞானேஸ்வரி மிஸ் விரித்து வாசித்தா. "தொடுப்பிழையம், மனிதன், ஒன்று."

"பாத்தீங்களே அம்மா? ஒண்டு. ஒண்டுக்குத்தான் அனுமதி. உங்களைச் சேர்த்தால் ரெண்டாகும்."

கமலாசனி எழும்பினாள். அலுமாரிக் கதவில் கையை வைத்துத் தள்ளினாள். அது திறந்தது. பூட்டு இல்லை. பூட்டுக்கு ஆவணியில் விண்ணப்பித்திருந்தார்களாம், இன்னும் மேலிடத்து அனுமதி வரவில்லை. இத்தனை நாளும் ஒரு தள்ளுத்தான் வேண்டியிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. அனுமதி கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பிறவி நான்.

போத்தலை எடுத்தாள்.

"அம்மா! வையுங்கோ! அது அரச சொத்து!"

"இது என்ர மார்பு, சேர்," என்றாள்.

அறை முழுக்கப் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்கள் டொக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசும் சொல். அதை அத்தனை பேருக்கு முன்னால் உரத்துச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"பதிவேட்டில நான் என்னெண்டு எழுதுறது?" பணிப்பாளர் பின்னால் கத்தினார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"உரியவள் வந்து எடுத்துக்கொண்டு போட்டாள் எண்டு எழுதுங்கோ."

ஞானேஸ்வரி மிஸ் வாசலில் நின்றா. மறிப்பா என்று நினைத்தேன். பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டா.

விறாந்தையில் டொக்டர் சுஜிதன் நின்றார். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். சுவரில் கடதாசியை வைத்து நின்றபடியே யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். "இதை நான் வைகாசியிலயே செய்திருக்க வேணும், ஐயா. இடம் மாத்திப் போடுவாங்கள் எண்டு பயந்திட்டன்," என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். திட்டத்தான் வாயெடுத்தேன். விழாவுக்குக் கதிரை தூக்கிய நான் அவரை என்னவென்று திட்டுவது?

யாழ்ப்பாணத்தில் போத்தலை வாங்கிக்கொண்டார்கள். எந்த இழையம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய். தொடுப்பிழையத்தில் அல்ல. மேலணி இழையத்தில் தொடங்கியது என்று எழுதியிருந்தது. பணிப்பாளர் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி, அது நாங்கள்தான் என்று சொன்ன அதே இழையம். மூடிக்கொண்டிருக்கிறதுதான் முதலில் அழுகியிருக்கிறது. எண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அதைப் பிழையாக எழுதிக் கொப்பியில் வைத்திருக்கிறார்கள்.

அங்கே பெரிய டொக்டர் ஒரு பெண்மணி. அவா கமலாசனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தா.

"அக்குளுக்குள்ளயும் இறங்கிட்டுது அம்மா. கட்டியை மட்டும் எடுக்கிற கட்டம் தாண்டிப் போச்சு. முழுசா எடுக்க வேணும். பிறகு மருந்து ஏத்த வேணும். வைகாசியில வெட்டின துண்டை ஏன் ஐப்பசியில கொண்டு வந்தனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கமலாசனி, "திறக்கேல்லையாம் டொக்டர்," என்றாள்.

சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் யதுர்ஷிகா வீட்டில் இருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். பதிவுத் தபால். பணிப்பாளரின் கையொப்பம். கமலாசனி என்னிடம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"தொடுப்பிழையம் ஒன்று அனுமதியின்றி அகற்றப்பட்டமை தொடர்பானது. மேற்படி அரச சொத்தைப் பதினான்கு நாட்களுக்குள் மீள ஒப்படைக்குமாறும், அது இயலாதவிடத்து, அதற்கு நிகரான தரமும் பருமனும் கொண்ட மாற்று இழையமொன்றை வழங்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கமலாசனி தன் இடப்பக்கத்து மருந்துக் கட்டைப் பார்த்தாள். தட்டையாக இருந்தது.

"என்னப்பா, பேனை இருக்கே? எழுதுங்கோ," என்றாள். "நீங்கள் கேட்டது துண்டு. நீங்கள் வைச்சிருந்த காலத்தில அது வளந்திட்டுது. முந்தநாள் முழுசா வெட்டி எடுத்துப் போட்டினம். தரம் அதேதான். பருமன் கூட. அலுமாரியைப் பெரிசாக் கட்டச் சொல்லி எழுதுங்கோ."

எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அவளுக்கு வலக்கையில் சேலைன் ஊசி. அதோடேயே கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தாள்.

பதில் மூன்று கிழமையில் வந்தது. வழமையாக ஆறு மாதம் எடுக்கும் அலுவலகம்.

"தங்கள் முழு இழையத்தையும் வழங்க முன்வந்தமைக்கு நிர்வாகத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். பெரிய அலுமாரிக்கான தங்கள் பயன்மிக்க யோசனை மேலிடத்தினால் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. கல் பொறிக்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது."

விறாந்தையில் நின்று வாசித்தேன். உள்ளே கமலாசனிக்கு முதல் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்டது. நான் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போய் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டேன்.